கோச் ஸ்ட்ராக் எழுதிய பட்டியல்

வெண்டல் ஸ்ட்ராக் பதினேழு வருடம் எங்கள் ஆஷ்பி கல்லூரியின் கால்பந்து கோச்சாக இருந்தார்; காலால் உதைப்பது அல்ல, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அறுபத்தோரு ஆட்டம் ஜெயித்தார், எழுபத்தெட்டு தோற்றார், ஒன்பது சமனில் முடிந்தது. நெப்ராஸ்காவில் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர் பதினேழு வருடம் வேலையில் நீடித்தார் என்றால், அவர் கல்லூரித் தலைவருக்கு மைத்துனராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைத்திருக்கக் கூடாது. ஸ்ட்ராக் யாருக்கும் மைத்துனர் இல்லை.

நான் கஸ் லிண்ட்க்விஸ்ட். பையன்களின் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, பல் உடைந்தால் பஞ்சு வைப்பது, அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்வது எல்லாம் என் வேலை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது அவருடைய வேலை. பஸ் ஓட்டுவதும் அவர்தான். வாரத்தில் நான்கு நாள் முதலாண்டுப் பையன்களுக்கு உடல்நலப் பாடம் வேறு நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ள நேரமே கிடைக்கவில்லை என்பார். காத்திருந்தவள் ஒருத்தி இருக்கத்தான் செய்தாள். மூன்று ஆட்டப் பருவம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஸ்ட்ராக் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கி, மூன்று வேளையும் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அணியில் முப்பத்தெட்டு பையன்கள், பஸ்ஸில் இருபத்து நான்கு இடம். வெளியூர் ஆட்டம் என்றால் வியாழக்கிழமை மாலை, பயணம் வருகிறவர்களின் பெயரைத் தன் கையால் எழுதி, உடை மாற்றும் அறையின் கதவில் ஆணியடித்து மாட்டுவார். மற்ற கோச்சுகள் மாட்டிவிட்டுக் காரில் ஏறி வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். இவர் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பார். கடைசிப் பையன் படித்து முடிக்கிறவரை நிற்பார். பெயர் இல்லாதவன் எவனும் ஏன் என்று கேட்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்வார்.

ஒருமுறை ஒருவன் அழாத குறையாகக் கேட்டான். "கோச், நான்தானே எல்லாரையும்விட வேகமா ஓடறேன்?"

"ஓடறேடா. நான் இல்லேங்கலை. ஆனா எந்தப் பக்கம் ஓடறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போய் சாப்டுட்டு வந்துடறான்."

பையன் சிரித்துவிட்டான். சிரிக்காதவர்களும் உண்டு. ஆனால் அவர் பொய் சொன்னார் என்று ஒருவனும் சொன்னதில்லை. தோற்றுக்கொண்டே இருந்த மனிதரை அந்த ஊர் வைத்துக்கொண்டிருந்ததற்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் காரணம்.

சாப்பாட்டுக் கூடத்தின் சமையல் பொறுப்பு மிசஸ் ஹூக்கிடம் இருந்தது. விதவை. ஒரே பிள்ளை டெல்மர். அவள் அங்கே வேலை பார்த்ததால் அவனுக்குப் படிப்புக் கட்டணம் பாதி. ஆறடி இரண்டங்குலம், சாந்தமான பையன், பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தால் மூன்று பேரையாவது இழுத்துக்கொண்டுதான் விழுவான். அவன் இருந்த இரண்டு வருடமும் நாங்கள் தோற்றதைவிட அதிகம் ஜெயித்தோம். அந்தப் பருவங்களில் ஸ்ட்ராக் சாப்பாட்டு வரிசையில் நின்று விசிலடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு போர் வந்தது. 1943 கோடையில் கல்லூரியில் மிஞ்சியது ஒன்பது பையன்கள். அதில் இருவருக்குப் பார்வைக் குறை, ஒருவனுக்கு ஆஸ்துமா. கல்லூரி கால்பந்தை நிறுத்தியது. நாற்பத்து நான்கு வயதில் ஸ்ட்ராக்குக்கு கேப்டன் பதவி கொடுத்து, கன்சாஸில் ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பியது ராணுவம். அவர் கேட்டு வாங்கி என்னையும் சார்ஜென்டாக இழுத்துக்கொண்டார். சீருடை அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று, "கஸ், இனிமே ஸ்கோர் போர்டு கிடையாதுப்பா," என்றார். எவ்வளவு நிம்மதியாகச் சொன்னார் தெரியுமா! பாவம்.

முகாமின் தலைவர் கர்னல் டாசன். அவருக்குப் போரைவிடக் கால்பந்தில் அக்கறை அதிகம். பக்கத்து ஊர் விமானத்தளத்து அணியிடம் எங்கள் முகாம் இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றிருந்தது. ஸ்ட்ராக்குக்கு இருநூறு பேர் கொண்ட ஒரு கம்பெனியை, அதாவது படைப்பிரிவை, கொடுத்தார். கூடவே முகாம் அணியையும் அவர் தலையில் கட்டினார். காலையில் துப்பாக்கி, மாலையில் பந்து. பதினேழு வாரம் பயிற்சி முடிந்ததும் பையன்கள் கடல் கடந்து போர்முனைக்குப் போவார்கள், புதியவர்கள் வருவார்கள். ஒவ்வொரு தொகுதி போகும்போதும் ஸ்ட்ராக்கின் முகத்தில் கொஞ்சம் சதை குறைந்தது.

டெல்மரும் அந்த முகாமுக்குத்தான் வந்து சேர்ந்தான். தற்செயலா, கர்னல் செய்த ஏற்பாடா தெரியாது. பயிற்சி முடிந்த பிறகும் ஏதோ காரணம் எழுதி இரண்டு முறை அவனை நிறுத்தி வைத்தார்கள். மூன்றாவது முறை, 1944 நவம்பரில், மேலிடத்திலிருந்து வந்த பட்டியலில் அவன் பெயர் இருந்தது. எங்கள் கம்பெனியிலிருந்து நாற்பது பேர். ரயில் வியாழக்கிழமை, நன்றி நாள் பண்டிகை அன்று காலை ஏழு மணிக்கு. விமானத்தளத்தோடு ஆட்டம் அதே நாள் மதியம் இரண்டு மணிக்கு.

செவ்வாய்க்கிழமை கர்னல் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஸ்ட்ராக், அந்த ஹூக் பையன் பேரை அடிச்சுடு."

"சார், அது மேலேர்ந்து வந்த பட்டியல்."

"மேல இருக்கறவனுக்கு நாப்பது தலை வேணும். எந்தத் தலைன்னு அவன் என்ன அளந்தா பார்க்கப் போறான்? மாத்தறதுக்குக் கம்பெனி கேப்டனுக்கு அதிகாரம் இருக்கு. உன் கையெழுத்து போதும்."

"எழுத்துல உத்தரவு கொடுத்தீங்கன்னா..."

"என்னய்யா, என்னை வக்கீல் வீட்டு வாசல்ல நிறுத்தப் பாக்கறியா? மூணாவது வருஷமும் அந்த விமானக்காரப் பசங்ககிட்ட தோத்துட்டு நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்கறது? பையனைக் காப்பாத்தற வேலைதானே, கசக்குதா?"

கசக்கவில்லை. அதுதான் வினை. ஸ்ட்ராக்குக்கு அந்தப் பையனை அனுப்ப மனமில்லை. மிசஸ் ஹூக் கையால் பதினேழு வருடம் சாப்பிட்டவர். கர்னல் போனதும் பென்சிலை எடுத்து டெல்மர் பெயரை அடித்தார். நான் தடுக்கவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் எண்ணிக்கை நாற்பது இருக்க வேண்டும். "அவன் இடத்துல யார் பேரைப் போடட்டும் சார்?" என்று தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்டேன்.

மிச்சமிருந்தவர்களின் பெயர்களை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். "இவன் இன்னும் வலது காலுக்கும் இடது காலுக்கும் சண்டை போடறான்... இவன் தோட்டா சத்தம் கேட்டா கண்ணை மூடிக்கறான்... இவன் ஒரு வாரம் தாங்க மாட்டான்..." அரை மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு பெயரில் விரல் நின்றது. "ஆர்வின் பீல். இவன் தாங்குவான்."

ஒரு கோச் எப்படி யோசிப்பாரோ அப்படித்தான் யோசித்தார். இக்கட்டான நேரத்தில் நம்பகமான ஆளை உள்ளே அனுப்புவது அவர் ரத்தத்தில் ஊறியது. பீல் மிசூரியில் ரொட்டி சுடுகிறவன், முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள். குறி தப்பாது, முணுமுணுக்க மாட்டான், பக்கத்தில் இருக்கிறவனையும் சேர்த்துக் கவனித்துக்கொள்வான். பிழைத்து வர அவனுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று ஸ்ட்ராக் உண்மையிலேயே நம்பினார். நான் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தேன்.

அன்று மாலையே டெல்மர் அம்மாவுக்கு டெலிபோன் போட்டான். வசந்தகாலம் வரை இங்கேதான் இருப்பேன், ஆட்டம் பார்க்க வா என்றான். அவள் புதன்கிழமை இரவு பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிவிட்டதாக எங்களிடம் வந்து சொன்னான். பண்டிகைக்குச் சுடுகிற பூசணிப் பை என்ற இனிப்பைச் செய்து கொண்டுவருகிறாளாம். "ஆளுக்கொரு துண்டு உண்டு கோச்," என்றான்.

புதன்கிழமை மதியம் பட்டியலைக் கம்பெனியின் அறிவிப்புப் பலகையில் மாட்டினோம். ராணுவத்தில் பட்டியலுக்குப் பக்கத்தில் எந்த அதிகாரியும் நிற்பதில்லை. நிற்கத் தேவையும் இல்லை. இவர் நின்றார். "உள்ள வாங்க சார், குளிருது," என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். காதில் விழாதது போல் நின்றார்.

பீல் படித்தான். இன்னொரு தடவை படித்தான். அப்புறம் அவர் எதிரே வந்து நின்றான்.

"கேப்டன், நேத்து வரைக்கும் என் பேரு இதுல இல்லைன்னு பேசிக்கிட்டாங்க. இருந்துச்சா?"

"இல்லை."

"யாரோட இடம் இது?"

"ஹூக்."

"நாளைக்கு ஆட்டத்துக்காகவா?"

"ஆமாம்."

பீல் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் நிதானமாகத்தான் கேட்டான். "சரி. இருநூறு பேர்ல நான் ஏன்?"

"நீதான் இருக்கறதுலயே நல்ல சிப்பாய், பீல். உன்னாலதான் திரும்பி வர முடியும்னு நெனச்சேன்."

பீல் தலையை ஆட்டினான். "அப்போ நான் சோம்பேறியா இருந்திருந்தா, கிறிஸ்துமஸுக்கு என் பொண்ணுங்களோட இருந்திருப்பேன். அப்படித்தானே கேப்டன்?"

சல்யூட் அடித்துவிட்டுப் போனான். ஸ்ட்ராக் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. "அவன் கேட்டது சரி, கஸ்," என்றார்.

"சரிதான். அதுக்கு என்ன இப்போ? வேற பேரு போடுங்க."

"எவன் பேரைப் போட்டாலும் அவன் வந்து என்கிட்ட இதையே கேட்பான். மேலேர்ந்து வந்த பட்டியல்லயே பேர் இருந்ததால கேக்க முடியாதவன் ஒருத்தன்தான் இருக்கான்."

"கோச், வேண்டாம். அவன் அம்மா இன்னிக்கு ராத்திரி பஸ் ஏறப்போறா."

அவர் டெல்மரைக் கூப்பிட்டனுப்பினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்: பட்டியல் வந்தது, கர்னல் சொன்னது, தான் பெயரை அடித்தது, பீலின் பெயரைப் போட்டது, பீல் கேட்ட கேள்வி. டெல்மர் பயிற்சி முடிந்த கையோடு வந்திருந்தான், முழங்கையில் சேறு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி நின்றான்.

"நான் என்ன பண்ணணும் கோச்?"

"நீ சொல்லுடா. நீ இங்கயே இருக்கேன்னு சொன்னா, பட்டியல் அப்படியே இருக்கட்டும். பழி என்னோட போகட்டும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது கோச். நீங்க எந்தப் பக்கம் ஓடச் சொன்னாலும் ஓடியிருக்கேன். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடுங்க."

இருபத்திரண்டு வயதுப் பையன். அவனிடம் போய் முடிவைக் கேட்டது பெரிய தப்பு. அதை அவன் அப்படியே எங்களிடமே திருப்பிக் கொடுத்தான். ஸ்ட்ராக் பட்டியலைக் கையில் எடுத்தார். பீலின் பெயரை அடித்துவிட்டு, மேலே டெல்மர் ஹூக் என்று தன் கையால் எழுதினார். கையெழுத்துப் போட்டார். டெல்மர், "சரி கோச்," என்றான். ரயில் கிளம்புகிறவரை அதை வெளியே யாருக்கும் டெலிபோனில் சொல்லக் கூடாது என்பது ராணுவ விதி.

மிசஸ் ஹூக் மறுநாள் பத்து மணிக்கு வந்து இறங்கினாள், கையில் பூசணி இனிப்போடு. ரயில் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முகாம் வாசலில் அவளை எதிர்கொண்டது ஸ்ட்ராக்தான். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எங்கே அவன்?" என்றாள்.

ஸ்ட்ராக், "உத்தரவு மாறிடுச்சு மேடம்," என்றார்.

அவரைத் தெரிந்த நாளிலிருந்து, கேட்டவருக்கு அவர் பாதி பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவள் அழவில்லை. ராணுவத்தை ஒரு வார்த்தை திட்டிவிட்டு, இனிப்பை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிப் போனாள். இருபத்தேழுக்குப் பூஜ்யம் என்று ஆட்டத்தில் தோற்றோம். மாலையில் கர்னல் கத்திய கத்தல் முகாம் முழுக்கக் கேட்டது. பத்தே நாளில் ஸ்ட்ராக்கை லூசியானாவில் ஒரு சலவைப் பிரிவுக்குத் தலைவராக மாற்றினார்கள். போர் முடிகிறவரை எங்கள் கேப்டன் மற்றவர்களின் உள்ளாடைகளை எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. களைத்துப் போனவனுக்கு எந்த நாற்காலியும் ஒன்றுதான் என்று எனக்கு எழுதினார்.

ஜனவரியில் பெல்ஜியத்தில், பனியில், டெல்மர் இறந்தான்.

நாற்பத்தைந்து இலையுதிர்காலத்தில் நாங்கள் இருவரும் ஆஷ்பிக்குத் திரும்பினோம். கல்லூரி மறுபடியும் அணி கட்டச் சொல்லிக் கேட்டது. பாடம் நடத்துகிறேன், பஸ் ஓட்டுகிறேன், கோச் வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று ஸ்ட்ராக் சொல்லிவிட்டார். முழங்கால் வலி என்று காரணம் காட்டினார். முழங்கால் வலித்தது உண்மைதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் மிசஸ் ஹூக் பழையபடி வரிசைக்குப் பின்னால் நின்று பரிமாறினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மற்றவர்களுக்கு ஒரு முட்டை வைத்தால் ஸ்ட்ராக்கின் தட்டில் இரண்டு வைப்பாள். உருளைக்கிழங்கு பொன்னிறமாக வறுபட்ட பக்கமாகப் பார்த்து எடுத்துப் போடுவாள். "சாப்பிடுங்க கோச், அவனுக்கு அப்பா ஸ்தானத்துல இருந்தவர் நீங்க," என்பாள். அவர் அதை மென்று விழுங்குவதற்குப் படுகிற பாட்டை எதிரே உட்கார்ந்து நான்தான் பார்த்தேன்.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் காலை, முள்கரண்டியை வைத்துவிட்டு, "கஸ், நான் சொல்லப்போறேன்," என்றார்.

"எதை?" தெரிந்துகொண்டே கேட்டேன்.

"அவ பிள்ளை பேரை அடிச்சதையும் திரும்ப எழுதினதையும்."

"உங்களுக்கென்ன மூளை கலங்கிடுச்சா கோச்? பிள்ளையைப் பறிகொடுத்தவ ஏதோ நிமிர்ந்து நடக்கறா. அதையும் கெடுக்கணுமா? யாருக்கு லாபம்?"

"அவ எனக்கு ரெண்டு முட்டை வைக்கறா, கஸ்."

"ஒண்ணைத் திரும்பக் கொடுத்துடுங்க! இல்லே, எங்கிட்ட கொடுங்க, நான் தின்னு தொலைக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் தாங்கவில்லை. உண்மை சொல்கிற மனிதர்கள்மேல் எனக்கு எப்போதும் பாதி மரியாதையும் பாதி எரிச்சலும் உண்டு. அன்று எரிச்சல்தான் முழுக்க. ஆனாலும் கூட்டம் கலைந்ததும் அவர் எழுந்து வரிசைப் பக்கம் போனபோது, பின்னாலேயே நானும் போனேன்.

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ராக் நின்றபடியே சொன்னார். முகாம் வாசலில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னார். தனக்காக ஒரு வார்த்தை வாதாடவில்லை. அவள் கை துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்த இன்னொரு ஆளு. இருக்கானா?"

"இருக்கான். மிசூரில ரொட்டிக் கடை."

"அவன் பொண்ணுங்க?"

"இருக்காங்க."

"நீங்க டெல்மரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். எந்தப் பக்கம்னு சொல்லிடுங்கன்னான்."

அப்போதுதான் அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையும் உங்களைத்தான் கேட்பான். என்னை ஒரு தடவை கேட்டிருந்தா, எந்தப் பக்கம்னு நான் சொல்லியிருப்பேன்."

ஸ்ட்ராக் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"ஒரு வருஷமா ராணுவத்தைத் திட்டிக்கிட்டிருந்தேன் கோச். ராணுவம் எங்கயோ இருக்கு, எனக்கு அது வசதியா இருந்துச்சு. இப்போ தினம் மூணு வேளை உங்க மூஞ்சியைப் பாக்கணும்."

"நான் வேற எங்கயாவது சாப்பிட்டுக்கறேன் மேடம். ரயிலடிப் பக்கம் ஒரு கடை இருக்கு."

"போகக் கூடாது," என்றாள் மிசஸ் ஹூக். "நான் பாக்கணும்னா நீங்களும் என்னைப் பாக்கணும். நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க."

வந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம், இதயம் நின்று அவர் போய்ச் சேர்கிறவரை, மூன்று வேளையும் தட்டை ஏந்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். அவளும் பரிமாறினாள்.